குடில் பதிவேட்டின் பின்பக்கம்

எங்கள் நாட்டில்
ஈஸ்டர் விடுமுறைக்குக் கொலைக்கதை படிப்பது வழக்கம்.
பால் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில்கூட
இந்த வாரம் ஒரு பிணம் கிடக்கும்.
ஆகவே நான் செய்தது
ஊரில் இல்லாத காரியம் ஒன்றுமில்லை.

வால்ட்ரெஸ் மலைமேல் இரண்டு அறை, எட்டுப் பேர்.
அடுப்புக்கு மேல் கயிற்றில் பதினாறு ஈரக் காலுறை.
தண்ணீர் வேண்டுமா, ஏரியின் உறைபனியில் துளை போடு.
கழிப்பறை வேண்டுமா, முழங்கால் பனியில் நாற்பதடி நட.
சண்டை வேண்டுமா,
இருந்த இடத்திலேயே கிடைக்கும்.

முதல் நாள் அம்மா ஆரஞ்சுப் பழங்களை எண்ணிவைத்தாள்.
நான் அடுக்கிய விறகை
வாய் திறக்காமல் கலைத்து
திரும்ப அடுக்கினாள் தங்கை சிக்ருன்.
அவள் கணவன் ஆஸ்லாக் கேட்டான்:
"இன்னும் அதே வேலைதானா?"
அந்த 'இன்னும்' என்ற சொல்லை
இரவெல்லாம் நாக்கடியில் வைத்திருந்தேன்.
கரையவில்லை.

ஜன்னலோரம் குடிலின் பதிவேடு.
காற்று, குளிர், பனிச்சறுக்குப் பலகைக்கு எந்த மெழுகு,
வந்தவர் எத்தனை பேர்.
வேறெதுவும் எழுதக்கூடாது, அம்மாவின் சட்டம்.
அப்பா எங்களை விட்டுப்போன வருடத்துக்கும்
அவள் கையெழுத்தில் ஒரே வரி:
"நல்ல வெயில். நீல மெழுகு. மூன்று பேர்."

எல்லோரும் பகடை உருட்டிக்கொண்டிருந்தபோது
பதிவேட்டைக் கவிழ்த்தேன்.
கடைசித் தாளிலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் பக்கத்திலேயே ஆஸ்லாக் செத்தான்,
கழிப்பறை வாசலில், பனிச்சறுக்குக் கோல் பாய்ந்து.
எழுதி முடித்ததும்
இரவுச் சாப்பாட்டில் எனக்கு நல்ல பசி.
அவனுக்கே இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு வைத்தேன்.

ஆனால் கதையில் ஒரு சிக்கல்.
அவன் கால்நடை மருத்துவன், கேட்காமல் முடியாது:
"எழுபத்தெட்டுக் கிலோ உடம்பு
மைனஸ் ஒன்பதில் விறைக்க எவ்வளவு நேரம்?"
"ஆடா, மாடா?"
"ஆடு மாதிரி."
செய்தித்தாள் ஓரத்தில் கணக்குப் போட்டான்.
காற்று உண்டா, கம்பளி உண்டா, வயிறு நிறைந்திருந்ததா?
பதினொரு வருடத்தில் முதன்முறையாக
நாங்கள் ஒரு மணிநேரம் பேசினோம்.
எழுந்து போகையில் சொன்னான்:
"எழுபத்தெட்டு என் எடை.
நெஞ்சில் குத்தாதே, கோல் வளையும். பின்கழுத்து."

அன்றிரவு அவனைப் பிழைக்கவைத்தேன்.
பாசமெல்லாம் இல்லை.
இவ்வளவு தெரிந்தவனைப் பிணமாக்குவது வீண்,
கொலையாளியாக்கலாம்.

சிக்ருனை விறகுக்குவியல் சரிந்து கொன்றது.
கதைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது,
அவள் ஏன் மற்றவர் அடுக்கியதைத் திரும்ப அடுக்குகிறாள்?
எதையெதையோ எழுதி அடித்து
நாலாவது முயற்சியில் பேனா தானாக எழுதியது:
அவளுக்கு ஏழு வயது.
அன்று அவள் அடுக்கிய விறகு உருண்டுதான்
என் கட்டைவிரல் நசுங்கியது.
நான் மறந்தே போயிருந்தேன்.
அவள் மறக்கவில்லை போலிருக்கிறது.
அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு
வெளியே போய்க் கொஞ்சநேரம் விறகு பிளந்தேன், கோணலாக.

அம்மாவைக் கொல்லத் துணிவு வரவில்லை.
மூன்று வரி எழுதினேன், மூன்றையும் அடித்தேன்.
கடைசியில் துப்பறிவாளர் வேலை கொடுத்தேன்.
பழக்கூடையில் ஒரு ஆரஞ்சு குறைவதை
அவள் மட்டுமே கண்டுபிடிப்பாள்.

கிளம்பும் நாள் காலை என்னை மேலும் கீழும் பார்த்து
"இதையா போட்டுக்கொண்டு ரயிலில் போகப்போகிறாய்?" என்றாள்.
இது நான் எழுதாத வசனம்.
வலித்தது.
வலித்த இடத்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

பதிவேட்டின் முன்பக்கத்தில் இம்முறை என் முறை:
"பிளஸ் இரண்டு. தென்காற்று. சிவப்பு மெழுகு.
எட்டுப் பேர் ஏறினோம்.
எட்டுப் பேரும் உயிரோடு இறங்குகிறோம்."

அம்மா படித்தாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடியும் படித்தாள்.
பிறகு கூடையின் பக்கம் திரும்பி, யாரையும் பார்க்காமல்,
"ஒரு ஆரஞ்சு கணக்கில் உதைக்கிறது" என்றாள்.

என் கோட்டுப்பையில்
தோல் இன்னும் ஈரமாக இருந்தது.