முப்பது வெள்ளிப் பெயர்

சொந்தப் பெயரில் பதிந்தால் வருடத்துக்கு முப்பது வெள்ளி.
தொழிலுக்கென்று ஒரு பெயர் சூட்டினால் அறுபது.
என் பெயர் எனக்குப் பாதி விலை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினோரு வருடம்
கையேடுகளுக்குப் படம் வரைந்தேன்.
தண்ணீர்ப் பம்பு ஒன்றை அந்தரத்தில் பிரித்து வைத்து
எந்தத் திருகாணி எந்தத் துளைக்கு என்று
புள்ளிக்கோடு போட்டுக் காட்டும் படம்.
மார்ச்சில் எங்கள் பிரிவையே பிரித்தார்கள்.
புள்ளிக்கோடு யாரும் போடவில்லை.

இப்போது அதே வேலை, வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.
முதல் பில் எண்ணூற்று ஐம்பது.
செக்கை யார் பேருக்கு எழுத, என்கிறார்
பிறையில் மின்விசிறி செய்யும் மிஸ்டர் ஓங்.
நல்ல கேள்வி, மிஸ்டர் ஓங்.
மூன்று வாரமாக நானும் அதைத்தான் கேட்கிறேன்.

சூ யென் கூட்டாகச் செய்யலாம் என்றாள்.
அவள் கோடு என் கோட்டைவிடச் சுத்தம்.
வரவு பாதிப் பாதி;
கடன் மட்டும் முழுசாக
இரண்டு கதவையும் தட்டுமாம்.
அவளே வாசித்துச் சொல்லி அவளே சிரித்தாள்.
கோப்பி ஆறிவிட்டது.
பங்காளி என்ற சொல்
தமிழில் சண்டைக்குப் பக்கத்து வீடு என்று
அவளுக்கு எப்படி விளக்குவது?

செண்டிரியான் பெர்ஹாட் என்றார் கணக்காளர் மாசிலன்.
கம்பெனி தனி ஆள், மேடம்.
பிறந்த தேதி உண்டு, பசி கிடையாது.
அது விழுந்தால் நீங்கள் விழ வேண்டாம்.
ஆனால் அந்த ஆளுக்கு ஒரு செயலாளர் வேண்டும்,
மாதக் கட்டணம், ஆண்டுக் கணக்கு.
எண்ணூற்று ஐம்பதில் அவருக்குச் சோறு போட்டால்
எனக்கு?

சொல்லைப் பிரித்துப் பார்த்தேன், தொழில் பழக்கம்.
செண்டிரி என்றால் தான், தனியே.
பெர்ஹாட் என்றால் எல்லை உள்ளது.
ஆக, வேலி போட்ட தனிமை.
பதிவுக்கே ஆயிரம் வெள்ளி.
முப்பதுக்குக் கிடைப்பதில் வேலி இல்லை.

அப்பா ஒருமுறை யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டார்.
முதலில் கார் போனது.
பிறகு, தயிர்ப் பாத்திரத்தை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு,
ஃபிரிட்ஜ்.

கம்பெனி கடன் கேட்டால்
வங்கி யாரிடம் கையெழுத்துக் கேட்கும் என்றேன்.
மாசிலன் கண்ணாடியைத் துடைத்தார்.
உங்களிடம்தான்.

ஜார்ஜ்டவுனில் மழை.
குடையை மடக்கிக்கொண்டு கவுண்டருக்குப் போனேன்.
நாமா செண்டிரி? என்றாள் அந்தப் பெண்.
சொந்தப் பெயரா என்றுதான் கேட்டாள்.
என் காதில் தனியாகவா என்று விழுந்தது.
இரண்டுக்கும் சேர்த்து ஆமாம் என்றேன்.

யோகமலர் அ/பெ சின்னக்கருப்பன்.
அடையாள அட்டையில் உள்ளபடி.
கூடுதல் கட்டணமில்லாமல் அப்பாவும் ஏறிக்கொண்டார்.

ஐந்து வருடம் வரை கட்டலாம் என்றாள்.
ஒன்று போதும்.

ரசீது ஈரமாகாமல் பைக்குள் வைத்தேன்.
பஸ்ஸில் இருந்தபடியே ஓங்குக்குச் செய்தி:
என் பேருக்கே எழுதுங்கள்.

பதில் வரப் பாலம் வரை ஆனது.
நீளமான பெயர்,
எழுத்துக்கூட்டி அனுப்புங்கள்.