மன்னார்குடிப் பட்டாம்பூச்சி

பயிற்சி முகாமில் கொடுத்த சார்ட்டில்
ஆரஞ்சு இறகு, கறுப்பு நரம்பு.
ஏழாம் வகுப்பின் முன் விரித்துப் பிடித்து
"மொனார்க்" என்றேன்.
"மன்னார்குடியா டீச்சர்?"
கடைசி வரிசைப் பிரகலாதன்.
சிரிப்பு அடங்க அரை பீரியட் போனது.
அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

கனடாவில் கிளம்பி
மெக்சிகோ மலைக்காட்டில்
மரமே தெரியாமல் அப்பிக்கொள்ளும்.
குளிர் விட்டதும் வடக்கே பறக்கும்,
வழியில் முட்டையிட்டுச் செத்துப்போகும்.
மகள் கொஞ்ச தூரம், பேத்தி கொஞ்ச தூரம்,
கொள்ளுப்பேத்திதான் ஊர் போய்ச் சேரும்
என்று நான் முடிக்குமுன்
ஹசீனா எழுந்தாள்:
"போனது வேற, வந்தது வேற.
அப்போ வழி யாரு சொன்னா?"

பலகையில் 'தெரியாது' என்று எழுதினேன்.
சூரியனின் கோணம், பூமியின் காந்தம் என
கையேட்டில் இருந்ததையும் பிறகு சொன்னேன்.
நோட்டுகளைத் திருத்தும்போது பார்த்தால்
'தெரியாது' மட்டும் அடிக்கோடிட்டிருந்தது.

கடைமடைப் பிள்ளைகள்.
மேட்டூர் திறந்தாச்சு என்று டிவி சொல்லி
மாதம் ஒன்று ஓடியும்
மதகடியில் குந்தி
நுரை வருகிறதா பார்க்கிறவர்கள்.
"கல்லணையில பூத்தூவுன தண்ணியேவா டீச்சர்
நம்ம வாய்க்காலுக்கு வருது?
நடுவுல எத்தன வயலு குடிச்சிருக்கும்!"
அதற்கும் என்னிடம் பதில் இல்லை.
ஆனால் பாடம் நடந்துவிட்டது.

மன்னார்குடி நம்மூருக்கு வராது.
அதற்குப் பங்காளி ஒருத்தன் இங்கே உண்டு:
வெந்தய வரியன்.
எருக்கிலைதான் அவன் பிள்ளைகளுக்குச் சோறு.
அந்தப் பாலின் கசப்பை உடம்பில் ஏற்றிக்கொண்டால்
கரிச்சான்கூட கொத்தித் துப்பிவிடும்.

பிள்ளையார் சதுர்த்திக்கு முதல்நாள்
மாலை கட்டி விற்க எருக்கம்பூ பறிக்கப்போன பிரகலாதன்
வெறுங்கையோடு ஓடிவந்தான்.
"பூவுக்குக் கீழ புழு டீச்சர். கோடு கோடா.
மூணு ஜோடிக் கொம்பு. பதினேழு எண்ணுனேன்,
அதுக்கப்புறம் எண்ணல."

ஒன்பது செடி. வாய்க்கால் கரை.
சிமெண்டுச் சாக்கைக் கிழித்து
ஹசீனா எழுதினாள்:
வெட்டாதீர்கள். குடியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை நூறுநாள் வேலைக்காரர்கள்
அந்தக் கரைக்குத்தான் வந்தார்கள்.
அரிவாளோடு முன்னால் வேம்பு,
பிரகலாதனின் அம்மா.
அறிவிப்பைப் படித்தாள். என்னைப் பார்த்தாள்.
"அளந்துதான் காசு போடுவாங்க டீச்சர்.
இத விட்டா என் கணக்குல
நாலடி கொறையும்."
நான் உயிர்ச்சங்கிலி பற்றி ஏதோ தொடங்கினேன்.
என் சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடும்
என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.
வார்த்தை தொண்டையிலேயே நின்றது.

அவள் இலையொன்றைத் திருப்பிப் பார்த்தாள்.
அடியில் பச்சைக் கூடு,
பொட்டுப் பொட்டாய்ப் பொன்.
"தோடு மாதிரில்ல இருக்கு" என்றாள்
காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தவள்.
பிறகு நாலு செடியை வெட்டினாள்.
ஐந்தை விட்டாள்.

ஐந்து போதுமா என்று வகுப்பு கேட்டது.
போதாது என்றேன்.
வேம்புவுக்கு எவ்வளவு குறைந்ததென்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
நானும் சொல்லித்தரவில்லை.

வியாழன் காலை, இறைவணக்கத்தின் நடுவே,
கூடு பிளந்தது.
கசங்கிய துணிபோல ஒன்று தொங்கி
இறகு காய முக்கால் மணிநேரம்.
கணக்கு வாத்தியார்கூட மணி அடிக்க விடவில்லை.

எழும்பியது.
மெக்சிகோ பக்கம் போகவில்லை.
வாய்க்காலைத் தாண்டி
அந்தாண்டை வயலுக்குப் போனது.
அங்கே முதுகில் டேங்கோடு ஒருவர்
சம்பாப் பயிருக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

எழுபத்திரண்டு கைகள்
"இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று
காற்றை இழுத்தன.