காரணம் எழுதும் கட்டம்

கோத்தகிரி இ-சேவை மையம், மூன்றாம் கவுண்டர்.
பதினோரு மணிவரை சர்வர் கண் திறக்காது.
மேசைக்கடியில் தொலைதூரக் கல்விப் பாடம்.
இந்த வாரம் ரோம்.

அவர்கள் தம் பெயரை ஓரெழுத்தாய்ச் சுருக்கி
குலப்பெயரை முழுதாய்க் கல்லில் வெட்டினார்கள்.
நாம் அப்பாவை ஓரெழுத்தாக்கிவிட்டு
நம்மை நீட்டி எழுதுகிறோம்.
தேர்வில் கேட்கமாட்டார்கள்,
ஆனாலும் பென்சிலால் கோடு போட்டேன்.

மூன்றாவதாய் ஒரு ஒட்டுப்பெயர்.
மூக்கன். மாறுகண்ணன். கொண்டைக்கடலை.
அது பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கும்.
இதிலென்ன அதிசயம்?
எங்கள் ஹட்டியில் குண்டு பெள்ளியின் மகன்
சில்வர் ஓக் கிளை மாதிரி இருப்பான்,
அவனும் குண்டுதான்.

பெண்பிள்ளைக்குத்தான்
தனிப்பெயர் பெரும்பாலும் கிடையாது.
அப்பாவின் குலப்பெயருக்கு ஒரு பெண்பால் விகுதி,
முடிந்தது வேலை.
கொர்னேலியஸ் வீட்டில் கொர்னேலியா.
இன்னொருத்தி பிறந்தால்
பெரிய கொர்னேலியா, சின்ன கொர்னேலியா.
அதற்கடுத்தவள் தெர்த்தியா,
மூன்றாமவள்.

தெர்த்தியா,
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
"பதினேழா மேடம்?" என்று
டோக்கனோடு ஒருத்தி எழுந்து வந்தாள்.

டேன்டீ லைன் வீடு. விரலிடுக்கில் கொழுந்துக் கறை.
பெயர்?
போதும்பொண்ணு.
நாலாவது.
"எனக்கப்புறமும் ரெண்டு பொண்ணுங்க.
சொன்னா நிக்குமா?"

பெயர்மாற்றத்துக்குக் காரணம் கேட்டது திரை:
எண்கணிதம், திருமணம், மதமாற்றம்,
எழுத்துப்பிழை, மற்றவை.
மற்றவையைத் தொட்டதும்
ஒரு வெள்ளைக் கட்டம் விரிந்தது.
என்ன எழுத?
கழுத்து மப்ளரை அவிழ்த்தாள், திரும்பக் கட்டினாள்.
"போதலைன்னு எழுதுங்க."

எழுதினேன்.

புதுப்பெயர்?
"அத யோசிக்கவே இல்லீங்களே.
இத்தன வருஷமும்
பழச எடுக்கறதப் பத்தித்தான்…"
எட்டு நாள் டைம் கேட்டுப் போனாள்.
வரைவாகச் சேமித்தேன், பெயர் காலியாக.

ரோமிலும் எட்டு நாள் பெயரில்லாமல் கிடக்கும் குழந்தை,
பெண்ணென்றால்.
ஆணென்றால் ஒன்பது.
அந்த எட்டு நாளில் இரண்டு நாள் உறைபனி,
ஒருநாள் மின்தடை,
நான் அடுத்த பாடத்துக்குப் போயிருந்தேன்:
பிடிக்காத மன்னனின் பெயரைக்
கல்லிலிருந்து செதுக்கி எடுப்பார்களாம்.
உளி போன தடத்தை வைத்தே
எத்தனை எழுத்து என்று எண்ணிவிடலாமாம்.

வந்தது ஒன்பதாம் நாள்.
எட்டாம் நாள் சம்பள நாளாம், விடவில்லையாம்.
கொழுந்து எடைச்சீட்டின் பின்பக்கத்தை நீட்டினாள்.
செண்பகவடிவு.

"கடைசித் தங்கச்சி பேரு மேடம்.
ஆறாவதுக்கு வந்தப்ப
அப்பாவுக்குக் கோவம் போயிருச்சு.
பேரு அழகா வச்சுட்டாரு.
அதையே நானும் வச்சுக்கலாமுங்களா?
அவகிட்ட கேட்டுட்டேன்.
சிரிக்கறா."

ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே பெயர்.
தடையென்று எந்த விதியிலும் பார்த்ததில்லை.
இன்னொரு வீடு நினைவுக்கு வந்தது,
பளிங்குத் தரை, இரண்டு சிறுமிகள்,
யாரைக் கூப்பிட்டாலும் இருவரும் திரும்புகிறார்கள்.

"அப்ப நீங்க பெரிய செண்பகவடிவு" என்றேன்.
"ஆமா" என்றாள்.
அதை மட்டும் கொஞ்சம் சத்தமாக.

பிறகு ஓ.டி.பி. கேட்டேன்.
செல்போனைத் தூரத்தில் பிடித்து
ஆறு எண்களையும்
ஒவ்வொன்றாகச் சொன்னாள்.