முதலைக்கு வால்

பாலர் பாடசாலைத் துண்டில் நாலு வரி:
உங்கள் பிள்ளை முதலை.
உடுப்பு வீட்டில் தைத்து அனுப்பவும்.
வசனம் இல்லை.
வந்து படுத்து வாயைத் திறந்தால் போதும்.

டினோஜிக்குத் தலைகால் புரியவில்லை.
முயல்கள் பதினொரு பேராம்,
முதலை தான் மட்டுமாம்.

சசிரேகா கையை விரித்தாள்.
ஒன்பது வருசம் பிரசவ வாட்டில் தையல் போடுகிறவள்.
"தோல் தானாச் சேரும்.
துணி சேராது.
நீங்களே பாருங்க."

ஆரையம்பதியில் கனடா போகிற வீடொன்றில்
பழைய மெசின் ஒன்று வாங்கினேன்.
ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
கூட வந்த புத்தகம் யப்பான் பாசை.
படமும் அம்புக்குறியும் மட்டும் விளங்கின.
எங்கள் ட்ரான்ஸ்போமரில்
மண்டையோடு விளங்குகிற மாதிரி.

மேல்நூல் ஏழு இடத்தில் வளைந்து வந்தது,
பீங்கான் தாண்டி வரும் கம்பி போல.
கீழே பொபின்.
ஆருக்கும் தெரியாமல் கிடந்து
மேலிருந்து வருவதைப் பிடித்துக்கொள்கிற நூல்.
பேஸ், நியூட்ரல் என்று சொல்லிக்கொண்டு மிதித்தேன்.

கட்டறுத்த கிடாய் மாதிரிப் பாய்ந்தது.
துணி முடிந்தது, மேசைவிரிப்பும் சேர்ந்து தைபட்டது.
புரட்டினால்
அடியில் ஒரு குருவிக்கூடு.

இரண்டு இரவு கூடு பிரித்தேன்.
மூன்றாம் இரவுதான் அந்தச் சின்னச் சில்லைப் பார்த்தேன்.
ஆறில் நின்றது.
கம்பியை ஒருநாளும் விறைக்க இழுக்கமாட்டோம்,
காற்றுக்கென்று கொஞ்சம் தொய்வு விடுவோம்.
பதினாறு வருசம் கம்பத்தில் தெரிந்தது
மேசைக்கு வந்ததும் மறந்துபோயிருக்கிறது.
மூன்றரைக்குத் திருப்பினேன்.
தையல் சுருங்காமல் படுத்தது.

முதுகுக்குப் பச்சைத் துணி.
பல்லுக்கு,
வெள்ளத்துக்குத் தந்த கூடாரச் சீலை.
அதில் ஏதோ நிறுவனத்தின் பாதிப் பெயர்.
வெட்ட வெட்ட
பல்லுக்கொரு எழுத்தாய்ப் பிரிந்தது.
அந்தத் தடிப்புக்கு மூன்று ஊசி முறிந்தது.
நாலாவது என் சுட்டுவிரலுக்குள் போனது.

விடியப்புறம் டியூட்டி முடிந்து வந்தவள்
பையைக் கீழே வைக்காமலே விரலைப் பார்த்தாள்.
ஊசியை எடுத்தாள். ஒரு தையல் போட்டாள்.
"முடிச்சுப் போடாட்டி
போட்டும் போடாத மாதிரித்தான்."
எனக்குப் பதில் வரவில்லை.
கண்ணில் தண்ணி.

டினோஜி எழும்பி வந்து
முதலையைச் சுற்றிப் பார்த்தாள்.
"அப்பா, கண் பக்கத்தில இல்ல.
மேல. தண்ணிக்கு மேல கண் மட்டும் தெரியும்.
கல்லடிப் பாலத்தடியில பார்த்தமே?"
மறுகா பிரித்தேன்.
மறுகா தைத்தேன்.

விழாவன்று
முயல்கள் குதித்து முடிய முதலை ஊர்ந்து வந்தது.
ஏழாவது முயல் வாலில் மிதித்து நின்றது.
முதலை நிற்கவில்லை.
வால் நின்றது.

முன்வரிசையில் ஒரு பொடியன் கத்தினான்,
"டேய், அது பல்லிடா!"
மண்டபம் முழுக்கச் சிரிப்பு.
கட்டுப்போட்ட விரலைத் தொடைக்கடியில் ஒளித்தேன்.

அவளுக்கு வசனம் இல்லை.
திரும்பிப் பார்த்தாள்.
நாலு காலில் இருந்தவள் எழும்பிப் போய்
முயலைத் தள்ளிவிட்டு வாலை எடுத்தாள்,
கக்கத்தில் இடுக்கினாள்,
தன் இடத்துக்கு வந்து படுத்தாள்.
வாயைத் திறந்தாள்.

பல் ஒன்றும் விழவில்லை.
எழுத்தெல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தேன்.
நூல் அறுந்திருக்கவில்லை.
முழுசாய் உருவி வந்திருந்தது,
முடிச்சில்லாமல்.
சசிரேகா ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருக்க அவள் பட்ட பாடு
எனக்குத் தெரிந்தது.

மெசினைத் திறந்து வாலை வைத்தேன்.
"தைக்க வேணாம்," என்றாள் முதலை.
"கழட்டுற வால்தான் வேணும்.
நாளைக்கும் கழட்டுவன்."

நாளை கடைத்தெருவில்
அமத்துப் பொத்தான் வாங்க வேணும்.
ஆறு காணுமா என்று கேட்டேன்.
அவள் வாலைத் தலைக்கு வைத்து
நித்திரையாகியிருந்தாள்,
வாய் திறந்தபடி.