திரை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
செருப்புக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
நேற்று யாருக்கோ நிச்சயம் நடந்த கூடம்.
சுவரில் தெர்மோகோல் எழுத்து பாதி மிச்சம்:
‘…ஷா வெட்ஸ் ஜெ…’
அதன் கீழே ஆறு டிவி, ஆறு மேசை.
வயரை மிதிக்காதீங்கோ, மிதிக்காதீங்கோ என்று
மைக்கில் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள் அஜிலா.

ஆளுக்கு நூற்றைம்பது.
நவ்ஃபல் மூன்று பேருக்கும் சேர்த்துக் கட்டினான்.
பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொன்னான்,
வாங்க மாட்டான்.

ஜெர்வின் இன்னும் வீட்டுக்கே போகவில்லை.
முப்பத்தெட்டு நாள் கடல்.
முந்தாநாள் கொச்சியில் கரையேறி,
நேற்று மீன் ஏலம் முடிந்து ராத்திரி பஸ் பிடித்து
விடியக்காலம் இங்கே இறங்கினான்.
பையில் இரண்டு சாரம், ஒரு ஜெபமாலை,
கருவாட்டு வாடை பிடித்த கன்ட்ரோலர்.

படகில் டிவி கிடையாது.
வயரின் மறுமுனை எதிலும் செருகப்படவில்லை.
தூண்டிலை இறக்கிவிட்டுக் காத்துக்கிடக்கும் ராத்திரிகளில்
தளத்தில் மல்லாந்து, கண்ணை மூடி,
கீழ், கீழ்முன், முன், குத்து.
கீழ், கீழ்முன், முன், குத்து, உதை.
ஸ்ராங்க் கேட்டாராம்:
‘லேய், அதுல யாருக்குலே போன் அடிக்கிய?’

திரைமேல் கிடந்து
திரையில்லாமல் பழகியவன்.

அவன் ஆடுவது சம்மட்டிக்காரி.
(நிஜப்பெயர் எங்கள் வாய்க்கு வராது.)
எதிரே கருங்கல் பையன், பிளஸ் டூ, பல்லில் கம்பி.
சம்மட்டி இறங்கியது. இரண்டாவது அடி சேரவில்லை.
மறுபடி. சேரவில்லை.
தூண்டில் கயிறு அறுத்த தழும்போடு
அந்தப் பெருவிரல் சரியாகத்தான் ஓடியது,
எனக்குத் தெரியும், நான் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பாவமாய்ச் சொன்னான்:
‘அண்ணா, பதினேழாம் தேதி அப்டேட் வந்துச்சுல்லா?
அந்த அடி மூணு ஃப்ரேம் பிந்தியாச்சு.’

மூன்று ஃப்ரேம்.
இமை மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகிற நேரம்.
பதினேழாம் தேதி நானும் நவ்ஃபலும்
அரைமணி நேரம் போனில் திட்டித்தீர்த்தோம்.
இவனுக்குச் சொல்லவேண்டும் என்று
இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நான் முதல் சுற்றிலேயே வெளியே. அதை விடுங்கள்.
நவ்ஃபல் ஒன்று ஜெயித்தான், ஒன்று தோற்றான்,
கீழே போய்ப் பழம்பொரி வாங்கிவந்தான்,
எண்ணெய்க் கையோடு கன்ட்ரோலரைத் தொட்டு
அஜிலாவிடம் ஏச்சு வாங்கினான்.

தோற்றவர்களின் வரிசையில் ஜெர்வினுக்கு இன்னொரு வாய்ப்பு.
கடைசிச் சுற்று, இருவருக்கும் நூலளவு உயிர்.
ஒரு சாதாரண உதை போதும்.
உதைலே, உதைலே என்று மொத்தக் கூடமும் கத்துகிறது.
இவன்
கீழ், கீழ்முன், முன்,
கொஞ்சம் நின்று,
குத்து.
காற்றில் போயிற்று சம்மட்டி.

எழுந்து வரும்போது சிரித்துக்கொண்டிருந்தான்.
‘ஒரு தடவையாவது விழுதான்னு பாக்கணும்லா மக்கா.’

சாயங்காலம் என் பைக்கில் அவன்.
காப்புக்காடு தாண்டியதும்
என் இடத்தோளில் அழுத்தம்: கீழ். கீழ்முன். முன்.
அப்புறம் ஒன்றுமில்லை.
ஒரு லாரி கடந்தது.
வலத்தோளில் குத்து.
‘இவ்வளவு பிந்தினா போருமா?’
‘லாரியே போயாச்சுலே. இது ரொம்ப.’
மறுபடி.
முன்சிறை, நித்திரவிளை,
ரப்பர் மரங்களின் இருட்டு முடிந்து தென்னை தொடங்கும் வரை
என் தோள் அவனுக்கு டிவி.
‘இப்போ?’
‘இப்போ சரி,’ என்றேன்.
எனக்கென்ன தெரியும்.

தூத்தூரில் கடல் சத்தம் கேட்கிற வீடு.
காலையிலிருந்து ஒன்பது தடவை போன் விளித்த அம்மை
பையை வாங்கிக்கொண்டே கேட்டாள்:
‘ஜெயிச்சியாலே?’
‘மூணு ஃப்ரேம் பிந்திப்போச்சும்மா.’
‘அதுக்குத்தான் சொன்னேன்,
நேரத்தே புறப்படுன்னு.’