முப்பது நிமிடம்

சாயம் பூசி முப்பது நிமிடம் என்று
டப்பாவில் போட்டிருக்கிறது.
ஜெபசெல்விக்கு நாற்பது வேண்டும்.
அவளுக்கு எல்லாமே பத்து நிமிடம் கூட:
ஜெபம், இட்லி, கோபம்.

இரண்டாம் சனிக்கிழமை. மகாராஜநகரில்
ரகமத் வீட்டு மொட்டைமாடி.
குற்றாலத்துப் பக்கம் சாரலாம்.
மழையை அங்கேயே இறக்கிவிட்டு
காற்று மட்டும் இங்கே வந்து
எங்கள் பழைய நைட்டிகளைத் தூக்கிப் பார்க்கிறது.
நான்கு நாற்காலி. மூன்று கறுத்த தலை.
காதோரம் வாசலின் தடவியிருக்கிறோம்,
சாயம் காதில் படக்கூடாது.
மற்றதெல்லாம் படலாம்.

"ஏட்டி உலகு, முழங்கால் எப்படி இருக்கு?"
"ரெண்டும் இருக்கு. வலதுதான் ரொம்பப் பேசுது."

ரகமத்தின் மகன் துபாயிலிருந்து
சின்னக் குப்பியில் சீரம் அனுப்பியிருக்கிறான்.
கண்ணுக்குக் கீழே, மிளகு அளவு, ராத்திரி மட்டும்.
அவள் குதிகால் வெடிப்பில் தேய்த்துவிட்டாள்.
"மூஞ்சிய எவ பாக்கா?
குதிகால்தான் சீலைய இழுக்குது."
இப்போது கீழே அஞ்சு வயசு கொறச்சல்,
மேலே அதே ஐம்பத்தேழு.

ஜெபசெல்வி சொதி வைக்கிற நாளில்
சர்க்கரை பார்ப்பதில்லை.
மெஷினுக்கும் லீவு வேண்டாமா என்கிறாள்.
நான் என் புருவத்தில் ஒரு வெள்ளை முடி கண்டதைச் சொன்னேன்.
தலை நரைத்தால் தலை நரைத்தது, அவ்வளவுதான்.
புருவம் நரைத்தால்
முகமே ஏதோ யோசிப்பதுபோல் ஆகிவிடுகிறது.
"பிடுங்காதட்டி, கூட்டாளியக் கூட்டியாரும்."
பிடுங்கிவிட்டேன்.
வந்துவிட்டார்கள்.

நான்காவது நாற்காலியில் ஆவுடைத்தங்கம்,
மடியில் கடிகாரம்.
தலையில் ஒன்றும் பூசவில்லை.
போன தையில் அவளுக்கு ஒரு முடி இல்லை.
தலைமுடி போனதுகூடப் பரவாயில்லை,
இமைமுடி போனபிறகு தூசி நேரா உள்ளே வருது
என்று அப்போது சொன்னாள்.
இப்போது முளைத்திருப்பது சுருட்டை. அதுவும் வெள்ளை.
அரைப் பாக்கெட் மிச்சம் கெடக்கு,
ஒனக்கும் தடவட்டா என்றாள் ரகமத்.
"எங்க வம்சத்துலயே சுருட்டை கெடையாது.
யாருதோ வழிதவறி எந்தலைக்கு வந்துருக்கு.
விருந்தாளி மூஞ்சில கரியப் பூசுவாளாட்டி?"
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
ஜெபசெல்வி தன் காதில்
இன்னொரு முறை வாசலின் தடவிக்கொண்டாள்.

இருபத்தெட்டாவது நிமிடத்தில் கரண்ட் போனது.
டேங்கில் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடாது.
மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.
முப்பத்தோரு வருஷமாக மின்வாரியத்தில்
நான் போடுவது சம்பளப் பட்டியல் மட்டும்தான்.
இருந்தாலும் போன் போட்டேன்.
"மரம் விழுந்துட்டு மேடம்."
எங்கே?
"பாக்கணும்."

நாற்பது. நாற்பத்தைந்து.
ஜெபசெல்வி நெற்றியில் ஒரு கோடு இறங்குகிறது.
"எரியுது மக்கா."
ஆவுடை எழுந்தாள்.
தெருவுக்குக் கொண்டுபோகும்படியான தலை
அவளிடம்தான் இருந்தது.

கடைப்பையன் மூன்று தண்ணீர்க் கேனை மாடியேற்றினான்.
எங்களைப் பார்க்காமல் பார்த்துவிட்டு இறங்கிப்போனான்.
கேன் நாற்பது ரூபாய். குடிக்கிற தண்ணீர்.
"நிக்காஹ் அன்னைக்குக்கூட எனக்கு இப்படி ஒரு குளிப்பு இல்ல"
என்றாள் ரகமத்.

இடது கையால் கனம் தூக்கக்கூடாதென்று
டாக்டர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
அதனால் வலது கையில் செம்பு.
இடது கை விரலால் பிடரியைத் தேய்த்துவிட்டாள்,
ஒவ்வொரு தலையாக, அவசரமில்லாமல்,
கறுப்புத் தண்ணீர் சாம்பலாகி
சாம்பல் தண்ணீர் தண்ணீராகும்வரை.

அப்போதுதான் யாரோ கேட்டோம்,
இது எங்கே போய் விழுது?

கீழ்வீட்டு ஹெட்மாஸ்டரின் வெள்ளை ஸ்கூட்டர்.
குழாய்க்கு நேர் கீழே.
முந்தாநாள்தான் பாலிஷ் போட்டார்.

"யாரும்மா அது மேல?"

நான்கு பேரும் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால்
பட்டென்று குந்தினோம்.
வாயைப் பொத்திக்கொண்டோம்.
என் வலது முழங்கால் மட்டும்
டொக் என்று
பதில் சொன்னது.