குளிர்காய்தல்

செவ்வாய்க்கிழமைகளில்
நீதிமன்றத்தின் மூன்றாம் மாடியில்
பின்வரிசை பெஞ்சு எங்கள் சபையுடையது.
நாங்கள் வக்கீல்கள் இல்லை,
வாய் திறக்க அனுமதியும் இல்லை.
கோட்டைப் பிடித்துக்கொள்வோம், குழந்தையைப் பிடித்துக்கொள்வோம்,
பார்க்கிங் மீட்டருக்குச் சில்லறை போட்டுவருவோம்.
பெயர் கூப்பிட்டதும்
தனியாக நடந்து போகிறவருக்குப் பின்னால்
நாலு பேர் எழுந்து நிற்போம்.
அவ்வளவுதான் ஊழியம்.

டுலூத்தில் ஜனவரி.
ஏரி ஓரத்திலிருந்து உறைந்துகொண்டு வருகிறது.
ஐனோ லெம்பினென் பின்னலூசியோடு வந்து
வாசல் காவலரிடம் பறிகொடுத்தாள்.
வாராவாரம் பறிகொடுக்கிறாள்,
வாராவாரம் கொண்டுவருகிறாள்.

அன்று பட்டியலில் பதினேழு வீடுகள்.
வீட்டுக்கு நாலு நிமிடம், சிலதுக்கு மூன்று.
பதினோராவது டார்லா நாகனப்,
முதியோர் இல்லத்தில் இரவு வேலை,
மூன்று மாத வாடகை பாக்கி.
அவள் சின்னவள் என் மடியில் உட்கார்ந்து
என் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
எதிர்த்தரப்பு: கிரே ஸ்ப்ரூஸ் ஹோம்ஸ்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும்.
சபையின் கணக்கு எழுதுகிறவன் நான்.
போன நவம்பரில் கொதிகலன் வெடித்து
மூன்று ஞாயிறு கம்பளித் தொப்பியோடு ஜெபித்தோமே,
அப்போது வந்த காசோலையின் இடது மூலையில்
அதே பெயர், அதே ஊசியிலை மரம்.
ஹால்வர் டோக்ஸ்டாட்.
நாலாவது வரிசை, ஜன்னலோரம்,
பாடகர் குழுவில் அடிக்குரல்.

அவரே வந்திருந்தார்.
திரும்பினார். ஐனோவைப் பார்த்தார், என்னை,
என் மடியை.
தலையசைப்பதா வேண்டாமா என்று
இரண்டு கழுத்துக்கும் தெரியவில்லை.

உண்ட வீட்டுக்கு இரண்டகமா
என்றது உள்ளே ஒன்று.
இத்தனை நாள் யார் வாடகையில் குளிர்காய்ந்தாய்
என்றது இன்னொன்று.

பெயரைக் கூப்பிட்டார்கள்.
ஐனோ எழுந்தாள், முழங்கால் சொடுக்கும் சத்தத்தோடு.
மற்ற இருவரும் எழுந்தார்கள்.
நான் குழந்தையோடு கடைசியாக.
கடைசியாக என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்,
கணக்கு கணக்காக இருக்கட்டும்.

நீதிபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
பின்வரிசையைப் பார்த்தார்.
பதினாலு நாள் வாய்தா.
தீர்ப்பு இல்லை, தள்ளுபடி இல்லை.
நடுவில் ஒரு சம்பள நாள் விழும்,
அவ்வளவு.

ஞாயிறு.
“சமாதானம் உண்டாவதாக” என்று
கைகுலுக்கிக்கொள்ளும் நேரம்.
டோக்ஸ்டாட் அதே ஜன்னலோரத்தில்.
ஐனோ நேராக அவரிடம் போய்க் கையைப் பிடித்தாள்,
விடவில்லை.
டார்லா வீட்டில் டிசம்பரிலிருந்து ஹீட்டர் ஓடவில்லை,
தெரியுமா ஹால்வர் என்றாள்,
சமாதானம் சொல்லும் அதே குரலில்.

அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை.
கீழே கொதிகலன் உறுமிப் பற்றிக்கொண்டது.

மத்தியானம் காணிக்கை எண்ணினேன்.
அவர் உறை இருந்தது, வழக்கமான தொகை.
பேனாவை வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் கையைத் தேய்த்தேன்.
பிறகு வரவு என்று எழுதினேன்.
அந்த நோட்டில்
வேறு கட்டம் இல்லை.